குடிக்கச் சொல்லாத காப்பி

அத்தியாயம் 17

ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிய கையோடு ஃபிர்யால் அப்படியே நின்றுவிட்டாளே, போன வாரம் அங்கேதான் அவளை விட்டுவிட்டு வந்தோம். பாவம், கை வலித்திருக்கும். எதிர்க்கடை அபூ ஸுஃப்யான் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தெருவைக் கடந்து ஓடி வந்து சொன்ன சேதி அப்படி.

"உம்மு ஸுஹைப்! இன்னிக்கு அஸர் தொழுகை முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு ஜாஹா வருதாம்!"

மகன் ஸுஹைபின் பேரை வைத்து, ஸுஹைபின் அம்மா என்றுதான் ஊர் அவளைக் கூப்பிடும். ஃபிர்யால் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டுத் திரும்பினாள்.

"என் வீட்டுக்கா? பொண்ணு கேக்கவா? எனக்குப் பொண்ணே இல்லையே. இருக்கிற ஒரு பையனும் எவனையும் வெட்டல, குத்தல. எதுக்கு ஊர்ப் பெரிய மனுஷங்க திரண்டு வர்றாங்க?"

"ஓட்டுக்கு."

"ஓட்டுக்கா? ஓட்டுக்கு யாராவது ஜாஹா கூட்டிட்டு வருவாங்களாய்யா?"

"ஹாஜி ஃபவ்வாஸ் வருவாரே! ஊருக்கே நியாயம் சொல்ற ஷேக் துர்க்கியையே கூட்டிட்டு வர்றாராம்."

ஃபவ்வாஸ் வேறு யாருமில்லை. ஃபிர்யாலின் கணவர் ஹிஷாமுக்கு உடன்பிறந்த அண்ணன். ராஸ் ஜுமைல் வர்த்தக சபைக்கு மூன்று தடவையாக அவர்தான் தலைவர். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்த தடம் பதிந்தே போயிருக்கும்.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து. நாட்டின் தலைநகர் அம்மானிலிருந்து புது அறிவிப்பு வந்திருக்கிறது. சின்ன ஊர்களில் தனித்தனியாக வர்த்தக சபை எதற்கு, எல்லாவற்றையும் மாவட்டத் தலைநகர்ச் சபையோடு சேர்த்துவிடலாம் என்று அமைச்சகம் சொல்கிறது. எங்கள் சபை எங்களுக்கு வேண்டும் என்று ஓர் ஊர் நினைத்தால், உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் பொதுக்குழுவுக்கு வந்து கை தூக்க வேண்டும். ராஸ் ஜுமைலில் பொதுக்குழு வருகிற சனிக்கிழமை. சபை பிழைத்தால் அடுத்த மாசம் தலைவர் தேர்தல். பாதியைத் தாண்ட வேண்டுமென்றால் ஃபிர்யால் கடை இருக்கிற பழைய பஸ் நிலையத் தெருவே எழுந்து வர வேண்டும். அந்தத் தெருவோ எட்டு வருஷமாகச் சபை வாசலை மிதிக்கவில்லை. ஃபிர்யால் சொன்னால்தான் மிதிக்கும்.

ஏன் மிதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவின் உயிரே பஸ் நிலையம்தான். இறங்குகிற ஜனம், ஏறுகிற ஜனம் என்று நாள் முழுக்கத் தோளோடு தோள் உரசும். ஒரு நாள் நகராட்சி, பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனது. "வியாபாரிகளுக்குச் சம்மதம்தான், சபையே சொல்லிவிட்டது" என்றார்கள். தெரு கொதித்தது. சம்மதம் கொடுத்தது யார் என்று கேட்டதற்கு ஃபவ்வாஸ், அப்போது சபைச் செயலாளராக இருந்த தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

ஹிஷாம் மறுத்துப் பேசவில்லை. "அண்ணனைத் தெருவுல நிறுத்த மாட்டேன்" என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். அந்த வருஷமே மாரடைப்பு. துக்க வீட்டில் மூன்று நாளும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஊருக்கு வெளியே புதுப் பஸ் நிலையத்தை ஒட்டி ஃபவ்வாஸின் பெட்ரோல் பங்கும் கடை வரிசையும் எழும்பிய பிறகுதான் சிலருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தாலும், ஹிஷாம் பேரை எடுத்தால் இன்றைக்கும் எல்லோரும் தரையைத்தான் பார்ப்பார்கள்.

பயணப் பெட்டி விற்ற கடையில் பள்ளிச் சீருடை விற்று, தெருவில் அணைந்த விளக்குக்கெல்லாம் நகராட்சியோடு மல்லுக்கட்டி, இந்தத் தெருவையே தன் பேச்சுக்குக் கட்டுப்பட வைத்திருக்கிறாள் ஃபிர்யால். அவள் மனசுக்குள் இருந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். சம்மதம் கொடுத்தவர் பேர் ஃபவ்வாஸின் வாயாலேயே வர வேண்டும். அதுவும் தெரு கேட்க வர வேண்டும்.

அபூ ஸுஃப்யான் கடைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க."

"கோவம் வர்ற மாதிரிச் சொல்லாதே."

"சேம்பர் போயிடுச்சுன்னா எனக்குத்தான் அடி. நான் ஊறுகாயும் ஸஅதர் மசாலாப் பொடியும் குவைத்துக்கு அனுப்புறேன். ஒவ்வொரு லோடுக்கும் இது இந்த ஊர்ச் சரக்குன்னு சேம்பர் முத்திரை வேணும். இங்கேன்னா டீ குடிக்கிற நேரத்துல வாங்கிட்டு வந்துடுவேன். அங்க மாவட்டத் தலைநகர்ல போய் நின்னா, அவன் என்னை மனுஷனாவா பார்ப்பான்? நாளைக்கு வா, நாளன்னிக்கு வாம்பான்."

"ஃபவ்வாஸ் உன்னை அனுப்பினாரா?"

"வல்லாஹி இல்ல! அந்தாளு முகத்துல முழிக்கவே எனக்குப் பிடிக்காது. ஆனா சேம்பர் அவங்க அப்பன் சொத்தா? நம்ம சேம்பர்."

ஃபிர்யால் சீருடைச் சட்டைகளை அளவு வாரியாக அடுக்கினாள். பாதி அடுக்கில் அவள் கை நின்றது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அபூ ஸுஃப்யானுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

"அபூ ஸுஃப்யான், ஓட்டு கேட்டு வர்றோம்னு சொல்லியா ஷேக் துர்க்கியை அழைச்சிருப்பாரு?"

"அந்தப் பெரிய மனுஷன் ஓட்டுக்கெல்லாம் வருவாரா? அண்ணன் தம்பி வீட்டுக்குள்ள மனஸ்தாபம், சமாதானம் பண்ணி வைங்கன்னு சொல்லிக் கூப்பிட்டிருப்பாரு."

"அதான். சமாதானம் கேட்டு ஜாஹா கொண்டு வர்றது யாரு? அடிபட்டவனா, அடிச்சவனா?"

அபூ ஸுஃப்யான் முக்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அடிச்சவன்தான்" என்றாள் ஃபிர்யால். "தப்பு என் பக்கம்னு கூப்பிட்டவன் ஒத்துக்காம ஷேக் துர்க்கி ஒரு வாசப்படி ஏற மாட்டாரு. அந்தாளு ஓட்டு ஞாபகத்துல அதை மறந்துட்டாரு. நீ ஒரு காரியம் பண்ணு. அஸருக்குத் தெருவுல எல்லாரையும் கடையைச் சாத்திட்டு என் வீட்டு வாசலுக்கு வரச் சொல்லு. உள்ள வர வேண்டாம். கேட்டுக்கிட்டு நின்னாப் போதும்."

வீட்டுக்குப் போனால் ஸுஹைப் ஏற்கனவே ஆரம்பித்திருந்தான். வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் முற்றத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு முற்றத்தையும் பெருக்கியாகிவிட்டது. காப்பிக் கொட்டை வறுபடும் வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"பெரியப்பா காலையில போன் பண்ணாரு, யும்மா. பெரியவங்க வர்றாங்க, வேணாம்னா சொல்ல முடியும்?"

"வேணாம்னு நானும் சொல்லல. வரட்டும். காப்பியை நல்லாக் கசப்பா போடு, ஏலக்காய் தாராளமா போடு, நம்ம மரியாதைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. ஆனா ஒண்ணு. ஷேக் கப்பை முன்னாடி வெச்சுட்டுக் கேப்பாரு. 'குடிங்க'ன்னு உன் வாயிலேர்ந்து வரக் கூடாது."

"யும்மா..."

"நான் சொல்ற வரைக்கும் வரக் கூடாது."

"அவ்வளவு பேர் முன்னாடியா? குடிக்கச் சொல்லலேன்னா கேட்டு வந்ததைக் கொடுக்கலேன்னு அர்த்தம். அவங்க காப்பியைத் தொடாம எழுந்து போயிடுவாங்க. ஊரே காறித் துப்பும்."

"எங்க வீட்டுத் துக்கத்துக்கு வந்து காப்பி குடிக்காத ஊரு, இன்னிக்கு ஒரு நாள் குடிக்காமப் போனா செத்துப் போயிடாது."

ஸுஹைப் ஏதோ சொல்ல வந்தான். அதை விட்டுவிட்டு நாற்காலிகளை வரிசைப்படுத்தப் போனான். இருபத்தொன்பது வயசுப் பையன். அப்பா மாதிரியே அகலமான தோள், அப்பா மாதிரியே யாரையும் நேருக்கு நேர் எதிர்க்காத சுபாவம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அஸர் முடிந்ததும் வந்தார்கள். வெள்ளைத் தலைத்துணியும் கறுப்பு மேலங்கியுமாக முன்னே ஷேக் துர்க்கி. பழைய காலத்து நியாயம் தெரிந்தவர், வழக்கு மன்றத்துக்குப் போக வேண்டியதெல்லாம் அவர் முற்றத்திலேயே தீர்ந்துவிடும். அவருக்குப் பக்கத்தில் ஃபவ்வாஸ், புதுக் கோட்டில். பின்னால் மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி, முன்னாள் மேயர், இன்னும் எத்தனையோ பேர். எல்லோருக்கும் பின்னால் சபையின் படம் பிடிக்கிற ஆள், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி. சபையின் ஃபேஸ்புக் பக்கத்தில் நேரலையாம். 'தலைவர் ஒற்றுமை தேடிச் செல்கிறார்' என்று போட்டிருந்தார்கள்.

ஃபிர்யால் வாசல்கதவை ஒட்டி உள்ளே நின்றாள். தெரு நிறைந்துவிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டாள். அபூ ஸுஃப்யான் வேலை செய்திருக்கிறான்.

ஸுஹைப் காப்பி ஊற்றினான். முதல் கப் ஷேக் துர்க்கிக்கு. அவர் வாங்கி, உதட்டுக்குக் கொண்டுபோகாமல், முன்னால் இருந்த மேசையில் வைத்தார். எல்லோரும் வைத்தார்கள்.

"பிஸ்மில்லாஹ்" என்று தொண்டையைச் செருமினார். "ஸுஹைப், மகனே. உன் பெரியப்பா எங்க காலைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்திருக்காரு. தம்பி குடும்பத்துக்குத் தன்னால ஒரு கஷ்டம் நடந்துபோச்சு, அதைச் சரி பண்ணணும்னு வந்திருக்காரு. தப்பு தன் பக்கம்னு ஏத்துக்கிட்டுத்தான் வந்திருக்காரு. அப்படித்தானே, ஹாஜி?"

ஃபவ்வாஸ் முகத்தில் இருந்த சிரிப்பு அந்த இடத்திலேயே உறைந்தது.

"இல்ல ஷேக், அது... பொதுவா மனஸ்தாபம்... எனக்கு வேண்டியது என்னன்னா, வர்ற சனிக்கிழமை இந்தத் தெரு மொத்தமும்..."

"முதல்ல முதல் வேலை. உங்க கோரிக்கையை அப்புறம் சொல்லுங்க. இவங்களுக்கு உங்க மேல என்ன உரிமை இருக்குன்னு முதல்ல கேக்கணும். கேக்காம நான் எந்த வீட்டுலயும் உக்காந்தது கிடையாது."

ஸுஹைப் கதவைத் திரும்பிப் பார்த்தான். ஃபிர்யால் வெளியே வந்தாள். ஆண்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"உம்மு ஸுஹைப், நீங்க உள்ள இருங்க, பையன் பேசட்டும்" என்றார் ஃபவ்வாஸ், ரொம்ப இனிமையாக.

ஷேக் கையை உயர்த்தினார். "உரிமை யாரோடதோ அவங்க பேசலாம். சொல்லும்மா."

ஃபிர்யாலுக்குக் குரல் நடுங்கும் என்று பயம் இருந்தது. நடுங்கவில்லை. எட்டு வருஷம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை, தேய்ந்து வழவழப்பாகியிருந்தது.

"எனக்குப் பணம் வேண்டாம், ஷேக். நிலம் வேண்டாம். பஸ் நிலையம் போகட்டும்னு நகராட்சிக்குச் சம்மதம் கொடுத்தது யாருன்னு ஹாஜி இந்த இடத்துல சொல்லணும். ஒரே ஒரு பேர். அதைச் சொல்லிட்டுக் குடிக்கட்டும்."

தெருவில் பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கினார்கள்.

"பழைய கதையை இப்ப எதுக்கும்மா கிளறணும்?" ஃபவ்வாஸ் கைகளை விரித்தார். "அது சபை எடுத்த முடிவு. செத்துப்போனவரைப் பத்தி நான் எப்படி..."

"செத்துப்போனவரை ஒரு பார்வை பார்த்தீங்களே, அப்ப அவர் உயிரோட இருந்தாரு. அந்தப் பார்வையை இப்பத் திருப்பி எடுத்துக்கோங்கன்னுதான் கேக்குறேன்."

"அந்தக் கேமராவை அணைப்பா!" என்று ஃபவ்வாஸ் பின்னால் திரும்பிக் கத்தினார்.

"இருக்கட்டும்" என்றார் ஷேக் துர்க்கி. "நீங்கதானே கொண்டு வந்தீங்க. ஓடட்டும்."

மேசை மேல் கப்புகளில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. முன்னாள் மேயர் நாற்காலியில் நெளிந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி கப்பையும் ஃபவ்வாஸையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபிர்யாலுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். இவர்களை எல்லாம் அவளை அமுக்குவதற்கென்று கூட்டி வந்தார் மனிதர். இப்போது அத்தனை பேர் மானமும் அந்தச் சின்னக் கப்புகளில் மிதக்கிறது. காப்பியைத் தொடாமல் எழுந்தால் ஃபவ்வாஸுக்கு மட்டுமா கேவலம்?

மருந்துக்கடைக்காரருக்குத்தான் முதலில் பொறுமை போனது.

"ஹாஜி, என் வயசுக்கு எத்தனையோ ஜாஹா போயிருக்கேன். ஒரு வீட்டுலேர்ந்தும் ஆறின காப்பியை வெச்சுட்டு எழுந்தது கிடையாது. இன்னிக்கு எழ வெக்காதீங்க."

"எங்களை எதுக்குய்யா கூட்டிட்டு வந்தே?" என்றார் மேயர், மரியாதையைக் காற்றில் விட்டுவிட்டு. "சொல்லித் தொலையேன்!"

"காப்பி ஆறுது, ஹாஜி" என்றார் ஷேக் துர்க்கி. அவ்வளவுதான் சொன்னார்.

ஃபவ்வாஸ் கோட்டுப் பொத்தானைத் திருகினார். தரையைப் பார்த்தார்.

"நான்தான் கொடுத்தேன்."

"தெருவுக்குக் கேக்கல" என்றாள் ஃபிர்யால்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கண்ணால் எரிக்க முடியுமென்றால் வீடே சாம்பலாகியிருக்கும். ஆனாலும் சொன்னார். உரக்கச் சொன்னார்.

"சம்மதம் கொடுத்தது நான்! என் தம்பி இல்ல! அவனுக்குத் தெரியவே தெரியாது, போதுமா?"

வாசலில் அபூ ஸுஃப்யான் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அபூ ஸுஹைப்... அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்றான். பக்கத்திலிருந்த இரும்புக்கடைக்காரர் சொன்னார். அப்புறம் ஒவ்வொருவராக, தெரு முழுக்க, ஹிஷாமின் அந்தப் பேரைச் சொன்னார்கள். துக்கம் விசாரிக்க எட்டு வருஷம் தாமதமாக வந்தவர்கள் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராகச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஃபிர்யால் அழுதிருக்கலாம். நீங்களும் நானும் என்றால் அழுதிருப்போம். அவளுக்கு நாக்கில் தேன் தடவின மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இருந்தது.

"குடிக்கலாமாம்மா?" என்று கேட்டார் ஷேக்.

"ஹாஜி எதுக்கு வந்தாரோ அதையும் சொல்லட்டும், ஷேக். முழுசாவே கொடுத்துடறேன்."

ஃபவ்வாஸ் பல்லைக் கடித்தபடி சொன்னார். "சனிக்கிழமை பொதுக்குழுவுக்கு உங்க தெரு வரணும். சேம்பர் நம்ம ஊர்லயே இருக்கணும்."

"வரும். ஒரு கடை விடாம வரும். அபூ ஸுஃப்யானுக்கு முத்திரை வேணுமே. சேம்பர் இங்கேயேதான் இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்க." ஷேக் பக்கம் திரும்பினாள். "அடுத்த மாசத் தேர்தல்ல தலைவர் இடத்துக்கு இவர் நிக்கக் கூடாது, ஷேக். தெருவை வித்தவர் தெரு ஓட்டுல உக்காரக் கூடாது. அதுவும் என் உரிமையில சேரும்."

ஷேக் தாடியைத் தடவினார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். "நியாயம்தான். ஹாஜி?"

ஒரு சண்டை வரும், கூச்சல் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஃபவ்வாஸ் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சரி. என் பேரை எடுத்துடறேன். அல்லாஹ் சாட்சி."

"அந்த இடத்துக்கு நான் நிக்கிறேன்" என்றாள் ஃபிர்யால்.

தெருவில் கைதட்டல் வெடித்தது. இரும்புக்கடைக்காரர் விசிலே அடித்துவிட்டார். ஃபிர்யால் மகனைப் பார்த்துத் தலையசைத்தாள். ஸுஹைப், "குடிங்க, பெரியவங்களே. கேட்டது கொடுத்தாச்சு" என்றான். ஆறின காப்பியைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றினான். அத்தனை பேரும் குடித்தார்கள். ஃபவ்வாஸும் குடித்தார். ரசித்துக் குடித்தார்.

அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஃபிர்யால் சுவரில் சாய்ந்தாள். ஸுஹைப் காப்பிக் கெண்டியோடு உள்ளே வந்தான்.

"பார்த்தியாடா? சொல்ல வெச்சேன் பார்த்தியா? அவர் வாயாலயே!"

"யும்மா, ஏன் நிக்கிறேன்னு சொன்னீங்க?"

"ஏன், நான் நிக்கக் கூடாதா? தலைவரா நான் அம்மானுக்குக் கடுதாசி எழுதினா அங்க பிரிச்சுப் பார்க்க மாட்டாங்களா?"

"அது இல்ல." கெண்டியை அடுப்பில் வைத்தான். வைத்த பிறகும் அதன் கைப்பிடியை விடவில்லை. "பெரியப்பா அணி நேத்தே பேர் பதிஞ்சாச்சு. முதல் பேர் அவரு. அவர் விலகினா ரெண்டாவது பேர்தான் தலைவர் இடத்துக்கு நிக்கணும்."

"நிக்கட்டுமே. யாரு அந்த எடுபிடி?"

"நான்தான், யும்மா" என்றான் ஸுஹைப்.

முற்றத்திலிருந்து ஃபவ்வாஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் முன்னால் அவமானப்பட்ட மனிதர் சிரிக்கிற சிரிப்பாகவே இல்லை அது.

"விலகிடு" என்றாள் ஃபிர்யால்.

"மாட்டேன்."

"என்ன சொன்னே?"

"மாட்டேன், யும்மா. வாப்பாவுக்காக நீங்க செஞ்சதுக்கு உங்க கையை முத்தம் கொடுப்பேன். ஆனா எனக்கு முப்பது ஆகப் போகுது. இன்னமும் சீருடை மடிச்சுக்கிட்டிருக்கேன். இந்தத் தெருவுக்கு என்ன பண்ணணும்னு என்கிட்ட ஒரு நாளாவது கேட்டீங்களா? பெரியப்பா கேட்டாரு."

"எதுக்குக் கேட்டாருன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். அவரை நான் பார்த்துக்குவேன்."

அவன் அவளை நேருக்கு நேர் பார்த்தான். ஹிஷாம் ஒரு நாளும் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. இந்தக் கண் யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தாள். அது அவளுடைய கண்தான்.

ஃபிர்யால் சுவரிலிருந்து நிமிர்ந்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து விலக்கி, அடுப்பிலிருந்து கெண்டியை எடுத்தாள்.

"அப்ப எதிராளி வீட்டு அடுப்படியில உனக்கென்ன வேலை?" என்றாள். "வெளியில போ. போய் உன் ஆளுங்களோட உக்காரு. காப்பியை நான் கொண்டு வர்றேன்."

ஸுஹைப் கதவைத் திறந்துகொண்டு போனான். முற்றத்தில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பெரியப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி.